விருந்து வந்திருக்கு

எங்கள் ஊரில் மத்தியான வேளையில் திண்ணைப் பக்கம் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால், அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "யாரு, விருந்தா?" நாங்கள் எட்டிப் பார்த்து இன்னார் என்று சொல்வதற்குள் அரிசிப் பானைக்குள் உழக்கு போய்விடும். வந்தவர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்குமுன் அடுப்பில் இரண்டாவது உலை ஏறியிருக்கும். பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேல் தலையை நீட்டி விசாரித்தால் அம்மாவின் பதில் இரண்டே சொல். "விருந்து வந்திருக்கு."

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர் அது. அக்கம்பக்கத்தில் பலரும் 'விருந்தாடி' என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒட்டு எதுவும் சேர்க்காமல் வெறும் 'விருந்து'. அந்தச் சொல்லுக்குக் கால் உண்டு, செருப்பு உண்டு, கையில் ஒரு மஞ்சள்பை உண்டு என்றே நான் நினைத்து வளர்ந்தேன்.

மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு தோழி, ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் விருந்து என்றாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் என்னென்ன சமைக்கப் போகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ஒரே சொல்லை அவள் அடுப்பில் வைத்திருந்தாள், நான் வாசலில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

'விரும்பு' என்பதிலிருந்து 'விருந்து' வந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரும்பி அழைப்பதால் விருந்து. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் பழைய நூல்களில் இந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கும் பொருள் வேறு. விருந்து என்றால் புதுமை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி விருந்துக்கு உணவு, உபசரிப்பு, வந்தவர் என்ற பொருள்களோடு புதுமை என்பதையும் தருகிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் நூல்களுக்குரிய எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பவை அவை. தொன்மை என்பது பழங்கதையைச் சொல்வது. விருந்து என்பது புதிதாகப் புனைவது. இந்த 'விருந்து'க்கு உரைகாரர் பேராசிரியர் காட்டும் உதாரணங்களில் முத்தொள்ளாயிரம் ஒன்று. அங்கே இலையும் இல்லை, சோறும் இல்லை. ஒரு புலவன் முன்னோர் செய்யாத ஒன்றைச் செய்தால் அது விருந்து.

புதுமை எப்படி ஆள் ஆனது? அதற்கு விடை சொன்னவர் பரிமேலழகர். திருக்குறளின் 43-ஆம் குறள், இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரைச் சொல்கிறது: முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான். இங்கே விருந்து என்பது புதுமை, அது ஆகுபெயராய்ப் புதியவராக வந்தவரைக் குறிக்கிறது என்று அவர் உரை எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கிறார். முன்பே அறிமுகம் இருப்பதால் இந்த வீட்டைக் குறித்து வந்தவர்கள் ஒருவகை. அறிமுகம் இல்லாமல், குறியாமல் வந்தவர்கள் இன்னொரு வகை. இருவருமே விருந்து. இந்த இரண்டாம் வகையை நான் மறக்கவே மாட்டேன். பின்னால் அதற்கு வருகிறேன்.

அந்தக் குறளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. விருந்து வேறு, ஒக்கல் வேறு. ஒக்கல் என்றால் சுற்றத்தார். தொல்காப்பியக் கற்பியலும் மனைவியின் மாண்புகளைச் சொல்லும்போது விருந்தைப் பேணுவதையும் சுற்றத்தைக் காப்பதையும் தனித்தனியே எண்ணுகிறது. தம்பி குடும்பம் வந்தால் அது சுற்றம். புதிதாக வந்தவர்தான் விருந்து. இன்று நாம் 'விருந்து' என்று சொல்லும் மறுவீட்டு விருந்தும், மாப்பிள்ளை விருந்தும், தலைத் தீபாவளி விருந்தும் பழைய கணக்கில் ஒக்கல் ஓம்பலில்தான் சேரும். சொல் தன் எதிர்ப்பக்கத்துக்கே குடிபோயிருக்கிறது.

ஒரு சொல்லின் வயதை அறிய அதன் பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். இன்று விருந்தை 'வைக்கிறோம்', 'கொடுக்கிறோம்', 'சாப்பிடுகிறோம்'. சங்கப் பாடல்களில் விருந்து 'வரும்'.

குறுந்தொகையின் 210-ஆம் பாட்டு ஒரு காக்கைக்கு நன்றி சொல்வது. தலைவன் திரும்பி வந்துவிட்டான். பிரிந்திருந்த காலத்தில் தலைவியை ஆற்றியிருக்கச் செய்தவள் தோழிதான் என்று அவன் பாராட்டுகிறான். அவளோ, என்னால் அல்ல, விருந்து வருமென்று கரைந்ததே ஒரு காக்கை, பாராட்டு அதற்குரியது என்கிறாள். வள்ளல் நள்ளியின் காட்டு இடையர் வளர்த்த பல பசுக்களின் நெய்யை விட்டு, தொண்டியில் விளைந்த வெண்ணெல்லின் சூடான சோற்றை ஏழு கலங்களில் ஏந்தினாலும் அந்தக் காக்கைக்கு அது கொஞ்சம்தானாம். இதைப் பாடியதால் அந்தப் புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர் நின்றுவிட்டது. மலையாளத்தில் இன்றும் 'காக்க விருந்நு விளிச்சு' என்கிறார்கள். காக்கை விருந்தைக் கூப்பிடுகிறது என்று பொருள். தொண்டி சேரநாட்டுத் துறைமுகம். அந்தச் சோற்றைப் போலவே அந்தச் சொல்லும் அந்தக் கரையில் சூடாறாமல் இருக்கிறது. தெலுங்கில் இதே சொல் 'விந்து' ஆகி, பெரும்பாலும் உணவுப் பக்கம் சாய்ந்துவிட்டது.

நற்றிணையில் இடைக்காடனார் பாடிய 142-ஆம் பாட்டில், நடு இராத்திரியானாலும் விருந்து வந்தால் மகிழ்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஊரை நோக்கித் தேரை ஓட்டச் சொல்கிறான் கணவன். இரவில் வந்த ஆளுக்கு அடுப்பை மறுபடி மூட்டுவதென்றால் என்னவென்று சமைத்தவர்களுக்குத் தெரியும். சாம்பலைக் கிளறிக் கங்கு தேட வேண்டும். விறகு ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் முகம் மலர்வது சுலபமில்லை. அதனால்தான் கணவனுக்கு அது நினைவில் நிற்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது நற்றிணை 120. மாங்குடி கிழார் பாடியது. தலைவன் பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். வீட்டில் கோபம். தலைவி அட்டிலில் இருக்கிறாள். (அட்டில் என்றால் சமையலறை. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடிசில், அடுக்களை எல்லாம் அந்த வேரில் பிறந்தவை.) சிறிய மோதிரம் போட்ட விரல்களால் வாளை மீனை வகையாக அரிந்துகொண்டிருக்கிறாள். கண்ணில் புகை. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை; அதை முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரே வேண்டுதல்தான்: நமக்கு ஒரு விருந்து வரட்டும்! வந்தால் இவள் கண் சிவக்க மாட்டாள், சின்னப் பற்கள் தெரியச் சிரிப்பாள், அந்த முகத்தைப் பார்த்துவிடலாம்.

விருந்து வந்தால் சண்டை நிற்கும் என்பது வெறும் பாட்டுக் கற்பனை இல்லை, இலக்கண விதியும்கூட. ஊடல் தீர்க்கத் தூது போகிற வாயில்கள் பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. தோழி, தாய், பாணன் என்று போகும் அந்த வரிசையில் விருந்தினரும் உண்டு. மற்றவர்கள் பேசிச் சமாதானம் செய்கிறவர்கள். விருந்து ஒன்றும் பேச வேண்டாம், வாசலில் வந்து நின்றாலே போதும். எங்கள் அப்பாவும் அம்மாவும் பேசாமல் இருந்த நாட்களில் யாராவது வந்து சேர்ந்தால், "இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்தச் சொல்லும்மா" என்று என்னிடம் தொடங்கி, பிறகு நேராக அம்மாவிடமே அப்பா பேச ஆரம்பித்துவிடுவார். வந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி சமைக்கிறாள். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில், மாதரி கொடுத்த புது வீட்டில், பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் சாலியரிசியும் பாலும் வந்து சேர்கின்றன. மாதரியின் மகள் ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தருகிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. வாழை இலையில் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்தவனிடம், நீ இல்லாத காலத்தில் நான் எதையெல்லாம் இழந்தேன் என்று சொல்கிறாள். அந்தப் பட்டியலில் தன் தனிமையைச் சொல்லவில்லை. அறவோர்க்கு அளிப்பதும், அந்தணரைப் பேணுவதும், துறவோரை எதிர்கொள்வதும், கடைசியாக விருந்தை எதிர்கொள்வதும் இல்லாமல் போனதைச் சொல்கிறாள். விருந்து எதிர்கொள்ளப்பட வேண்டியது. எழுந்து போய், முகத்தைக் காட்டி. ஊரையும் பேரையும் விட்டு வந்த அந்த இருவரும்தான் அன்றைக்கு மாதரி வீட்டுக்கு விருந்து என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். 81 முதல் 90 வரை பத்துக் குறளிலும் 'விருந்து' என்ற சொல் தவறாமல் வருகிறது. அந்தப் பத்தில் ஒரு பதார்த்தத்தின் பெயர்கூடக் கிடையாது. சோறு இல்லை, கறி இல்லை, நெய் இல்லை, பால் இல்லை. சாகாமல் காக்கும் அமுதத்தை ஒரு குறள் சொல்கிறது, அதுவும் விருந்தை வெளியே நிறுத்திவிட்டு அதைத் தனியே உண்ணாதே என்பதற்காக. விருந்தினர் உண்டது போக மீந்ததை உண்கிறவனை இன்னொரு குறள் சொல்கிறது. மற்றபடி முன்னே நிற்பவை முகம், பார்வை, காத்திருப்பு. அனிச்சப்பூ மோந்தால்தான் வாடும். விருந்தோ முகம் கொஞ்சம் மாறிப் பார்த்தாலே வாடிவிடும். சமையல் குறிப்பு ஒன்றும் தராமல் பத்துக் குறள் எழுத முடிந்ததென்றால், வள்ளுவருக்கு அந்தச் சொல் முழுக்க முழுக்க ஓர் ஆள்.

பிறகு எப்படி அது உணவானது? 'விருந்து அயர்தல்' என்று சங்கப் பாடல்களிலேயே ஒரு தொடர் உண்டு. விருந்தைக் கொண்டாடுதல் என்று சொல்லலாம். அதில் விருந்து ஆளா உணவா என்று கறாராகப் பிரிக்க முடியாது. சொல் அங்கேயே ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டது. ஆனால் சொல் நகர்ந்த விதத்தை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, என் பாட்டி.

அவள் காலத்தில் கரிசலில் அன்றாடச் சாப்பாடு கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு. அரிசிக்கு அங்கே 'நெல்லுச்சோறு' என்று தனிப்பெயர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உண்டு. அது தவிர, விருந்து வந்தால் உண்டு. பிள்ளைகள் விருந்தை எதிர்பார்த்துக் கிடப்பார்களாம். வந்தவர் யாராயிருந்தால் என்ன, அன்றைக்கு நெல்லுச்சோறு. "இன்னைக்கு எங்க வீட்ல விருந்து" என்று பிள்ளைகள் தெருவில் சொல்லும்போது, அந்தச் சொல் யாரும் அறியாமல் ஆளிடமிருந்து சோற்றுக்குத் தாவுகிறது. அன்றாடச் சோறு இல்லாத வேறு சோறு. அதுவும் ஒரு புதுமைதானே. பிள்ளைகளின் வாயில்தான் இந்தப் பொருள்மாற்றம் நடந்தது என்று நான் நம்புகிறேன். தமிழ்நாடு முழுக்க, எந்த ஊரில் அரிசி அபூர்வமோ அந்த ஊரிலெல்லாம் இது நடந்திருக்கும்.

இனி அந்த உணவையே பார்க்கலாம். குறியாது வருகிறவருக்கு எப்படிச் சமைப்பது? நாளும் நேரமும் தலைக்கணக்கும் தெரியாத சமையல் அது. அழைத்துப் போடும் விருந்தைவிட இதற்கு மூளை அதிகம் வேண்டும். எங்கள் ஊரில் சந்தை வாரத்துக்கு ஒருநாள். அதற்குள் யார் வந்தாலும் வீட்டில் இருப்பதை வைத்தே வெஞ்சனம் செய்ய வேண்டும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும் எங்களுக்கு வெஞ்சனம்.

குழம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டுவது அம்மாவுக்குப் பிடிக்காது. "தண்ணி ஊத்துனா வந்தவுகளுக்கும் ருசி இல்ல, நமக்கும் இல்ல" என்பாள். குழம்பை அப்படியே வந்தவருக்கு ஒதுக்கிவிட்டு, ரசத்துக்குப் புளியை இன்னொரு தரம் கரைப்பாள். துவரம்பருப்பை வெறும் சட்டியில் மணம் வர வறுத்து, மிளகாய் வத்தலும் பூண்டும் உப்பும் வைத்து அம்மியில் கெட்டியாகத் துவையல் அரைப்பாள். காயே வேண்டாம், பத்து நிமிடத்தில் ஒரு வெஞ்சனம். அதற்குப் பிறகு பரணில் இருந்து வத்தல் பானை இறங்கும்.

அந்தப் பானையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலும் களத்து மேட்டிலும் காய்ந்தவை அதில் இருக்கும். சீனியவரைக்காய் வத்தல், சுண்டை வத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக மிதுக்கவத்தல். மிதுக்கங்காய் யாரும் விதைக்காமல் கரிசல் காட்டில் தானாகப் படரும் கொடியில் காய்ப்பது. அரிந்து உப்பு மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் கசப்பு அடங்கிவிடும். எண்ணெயில் போட்டதும் பூப்போல விரியும். காட்டில் தானாக முளைத்த காய், அழைக்காமல் வந்த ஆளுக்கு. நாங்கள் கேட்டால் அம்மா அதில் கைவைக்க விடமாட்டாள். "விருந்துக்கு" என்பாள். அங்கே அந்தச் சொல் எந்தப் பொருளில் நின்றது என்று இப்போது யோசிக்கிறேன். இன்னும் வராத, யாரென்றே தெரியாத ஒருவருக்காக, ஆறு மாதத்துக்கு முன்பே வெயிலில் காய்ந்த உணவு அது. வந்துபோகிற விருந்து, வரப்போகிற விருந்து என்று வள்ளுவர் இருவரைச் சொல்கிறார். பானைக்குள் இருந்தது இரண்டாமவருடைய பங்கு.

அரிசியிலும் இதே கணக்குதான். ஐந்து பேருக்கு உலை வைத்தால் ஆறாவது ஆளுக்கு ஒரு கைப்பிடி சேரும். யாரும் வராவிட்டால் இரவில் தண்ணீர் ஊற்றிக் காலையில் பழையது. வீணாகாது. அந்த ஒரு கைப்பிடி இருக்கிற வரைக்கும் வாசல் திறந்திருக்கிறது என்று பொருள்.

வாசலைப் பற்றி இரண்டு பாடல்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. குறுந்தொகை 118, நன்னாகையார் பாடியது. மாலை முடிந்து இருட்டுகிறது. பலரும் புகுந்து போகும் பெரிய வாயிலை அடைக்கப் போகிறார்கள். அடைக்குமுன் வெளியே பார்த்து, வர வேண்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். தலைவி காத்திருக்கும் ஆள் மட்டும் வரவில்லை. பாட்டின் துயரம் அது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். இருக்கிறீர்களா என்று இருட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் அந்த வீடு கதவைச் சாத்தியது.

மற்றொன்று சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடியது. வழியில் நெய்தல் நிலத்தில் சுட்ட மீனும், வேட்டுவர் குடியில் புளிச்சோறும் இறைச்சியும், மருத நிலத்தில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் பாணனுக்குக் கிடைக்கும் என்று அது சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னால் பாணன் வீட்டு வறுமை வருகிறது. குட்டி போட்ட நாய் கிடக்கும் இடிந்த அடுக்களை. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள் அவன் மனைவி. பிறர் பார்த்தால் வெட்கம் என்று கதவை அடைத்துவிட்டு, பெரிய சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். அங்கேயும் பகிர்வுதான் நடக்கிறது, ஒக்கலோடு. கதவு சாத்தியிருப்பதால் விருந்து மட்டும் இல்லை. வறுமையின் ஆழத்தை இதைவிடக் குறைந்த சொற்களில் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வறுமை தீர்ந்தபோது என்ன செய்ய வேண்டும் என்பதைப் புறநானூறு 163 சொல்கிறது. குமணனிடம் பரிசு பெற்று வந்த பெருஞ்சித்திரனார் மனைவியிடம் பேசுகிறார். உன்னிடம் அன்புள்ளவர்களுக்கும், நீ அன்பு வைத்தவர்களுக்கும், சுற்றத்தின் மூத்த பெண்களுக்கும், நம் பசி தீரக் குறியெதிர்ப்பை கொடுத்தவர்களுக்கும் கொடு. இன்னார்க்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே. குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் பொருள். அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் சீனி வாங்கி வருவோமே, அதற்குத் தமிழ் இரண்டாயிரம் வருடமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது.

குறியெதிர்ப்பை பெரிதாக வளர்ந்தால் மொய் ஆகும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கிறது. பந்தலில் ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். அடுத்தவர் வைக்கும்போது அது திரும்பப் போக வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத விவசாயக் குடும்பத்துக்குக் கிணறு வெட்டவும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் உதவிய ஏற்பாடு அது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் நோட்டில் பெயருள்ளவர் புதியவர் இல்லை. சொல்லாராய்ச்சிப்படி அங்கே நடப்பது குறியெதிர்ப்பை, பெயர்தான் விருந்து.

இவ்வளவு பெருமையும் பேசிய பிறகு, வலிக்கிற இடத்தையும் தொட வேண்டும். புதியவரையே விருந்து என்று அழைத்த மொழியில், யாரோடு யார் உட்கார்ந்து உண்பது என்பதற்கு ஆயிரம் வேலி இருந்தது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1920-களின் நடுவில் தமிழ்நாட்டு அரசியலே அதில் கொதித்தது. ஒரு சாப்பாட்டு அறையின் பிரச்சினை அது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியிருந்தார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, ஊர், பெயர் எதையும் கேட்காமல் இலை போடுகிறார்கள். பரிமேலழகரின் இரண்டாம் வகை, குறியாது வருகிறவர்களுக்காக மட்டுமே எரியும் அடுப்பு அது. விருந்து என்ற சொல்லின் பழைய பொருளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வடலூருக்குத்தான் வழி சொல்வேன்.

எங்கள் வீடும் வடலூர் இல்லை. உலை எல்லோருக்கும் ஏறியது, உண்மை. இலை எல்லோருக்கும் ஒரே இடத்தில் விழவில்லை. சிலருக்குப் பட்டாசாலையில், சிலருக்குத் திண்ணையில், சிலருக்கு வேப்பமரத்தடியில். மரத்தடியில் உட்கார்ந்தவர்களை அம்மா விருந்து என்று சொன்னதில்லை. 'ஆள் வந்திருக்கு' என்பாள். அதே மிதுக்கவத்தல்தான் அங்கேயும் போகும், சொல் மட்டும் போகாது. விருந்தை வெளியே வைத்துவிட்டு உண்ணாதே என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துவிட்டு வந்து, ஜன்னல் வழியாக அந்த மரத்தடியைப் பார்த்திருக்கிறேன். பத்து வயதில் எனக்கு அது உறைக்கவில்லை.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று ஒரு பழமொழி. உறவினர் அதிக நாள் தங்கக் கூடாது என்று அதை முகம் சுளித்துச் சொல்கிறார்கள். எனக்கு அது சொல்லின் அகராதிப் பொருளாகவே படுகிறது. விருந்து என்றால் புதுமை; மூன்று நாளில் புதுமை தீர்ந்துவிடும். நாலாம் நாள் வந்தவர் தண்ணீர் இறைப்பார், வெங்காயம் உரிப்பார், பிள்ளைக்குச் சோறூட்டுவார். விருந்து முடிந்து வீட்டாள் ஆகிவிட்டார். விரட்டுகிற பழமொழி இல்லை, சேர்த்துக்கொள்கிற பழமொழி. எங்கள் வீட்டுக்கு மிளகாய் விற்க வந்த ஒருவர் மழையில் மாட்டி நாலு நாள் தங்கி, கடைசி நாள் அம்மாவுக்கு அம்மி கொத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று யாரும் சொல்லாமல் வருவதில்லை. 'வீட்டில் இருக்கிறீர்களா' என்று கைப்பேசியில் கேட்டுவிட்டு, 'சாப்பிட்டாச்சு, சிரமப்படாதீங்க' என்று முன்கூட்டியே கதவைச் சாத்திவிட்டு வருகிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் குறியாது வருகிறவர்கள் போனதும், ஆறாவது கைப்பிடி அரிசியும் போய்விட்டது. நான் என் வீட்டில் அளந்துதான் போடுகிறேன், இரண்டு பேருக்கு ஒன்றரை உழக்கு. என் சமையல் அம்மா சமையலைவிட வகை அதிகம். ஆனால் திடீரென்று ஒருவர் வந்தால் கை பதறுகிறது. அம்மாவின் கை பதறியதே இல்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, ஊரில்தான் இருக்கிறாள். போன சித்திரையில் நான் அங்கே இருந்தபோது கிணற்று மோட்டார் பழுதானது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். இதற்கு முன் பார்த்ததில்லை. காயில் எரிந்துபோயிருந்தது, கழற்றி மாட்டுவதற்குள் மணி இரண்டு. கையெல்லாம் கிரீஸோடு கிளம்பியவனை அம்மா விடவில்லை.

"கையக் கழுவிட்டு உள்ள வாங்க தம்பி, ஒரு வாய் சாப்டுட்டுப் போகலாம்."

"இல்லம்மா, இருக்கட்டும். வெளியவே..." என்று அவன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

"வெளிய என்ன இருக்கு? அடுப்பு உள்ளதான இருக்கு" என்றாள்.

அடுக்களையிலேயே தட்டு வைத்தாள். வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது என் சித்தியின் அழைப்பு வந்தது. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, பரணில் இருந்த டப்பாவை எடுக்கச் சொல்லி எனக்குக் கண்காட்டினாள். சித்தியிடம் சொன்னாள்: "பெறவு பேசுதேன். விருந்து வந்திருக்கு."

டப்பாவின் மூடியைத் திறந்தேன். கைநிறைய அள்ளச் சொன்னாள்.